இன்ஜினுக்குப் பூட்டு, புரொப்பல்லரில் பாசி: நடுக்கடலில் கப்பல்கள் திணறுவது ஏன்?

2025 அக்டோபரில் லண்டனில் கூடிய சர்வதேச கடல்சார் அமைப்பின் கூட்டம், பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட முடிவை எடுக்காமலேயே கலைந்தது. கப்பல்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு விலை வைக்கும் 'நெட் ஜீரோ' திட்டத்தை ஓராண்டு தள்ளிவைக்க 57 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. 49 நாடுகள் எதிர்த்தன. 21 நாடுகள் வாக்களிக்கவில்லை.

செய்திகளில் இந்த வாக்கெடுப்புதான் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அதே அமைப்பு கொண்டுவந்த இன்னொரு விதி 2023 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அந்த விதியால் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சரக்குக் கப்பல்களின் இன்ஜின்களுக்கு ஏற்கெனவே 'பூட்டு' போடப்பட்டுவிட்டது. இன்ஜின் முழு சக்தியைக் கொடுக்கும் நிலையில் இருந்தாலும், ஒரு அளவுக்கு மேல் போக முடியாதபடி எரிபொருளைக் கட்டுப்படுத்தி சீல் வைத்துவிட்டார்கள்.

பவர் குறைந்தால் எரிபொருள் மிச்சம், புகையும் குறைவு. இதுல என்ன பிரச்னை?

இன்ஜினுக்குப் பாரம் ஏறுவது வேகமாகப் போகும்போது மட்டும் அல்ல. மெதுவாகப் போகும்போதும் ஒரு கப்பல் இன்ஜின் ஓவர்லோடு ஆகலாம். அதை முடிவு செய்வது, தண்ணீருக்கு அடியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் சுழலும் புரொப்பல்லர். விதிகள் கிலோவாட்டை அளக்கின்றன. அந்த புரொப்பல்லர் எவ்வளவு சிரமப்பட்டுச் சுழல்கிறது என்பதை அவை நேரடியாக அளப்பதில்லை. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வேகம் கொஞ்சம், எரிபொருள் நிறைய: அந்தக் கணக்கு என்ன?

கப்பல் உலகில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு விதி உண்டு. கப்பலை ஓட்டத் தேவையான பவர், தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். அதாவது வேகத்தை இரண்டு மடங்காக்கினால் பவர் எட்டு மடங்கு வேண்டும்.

இதைத் திருப்பிப் போட்டால் மிச்சக் கணக்கு கிடைக்கும். 20 நாட் வேகத்தில் நாளுக்கு 100 டன் எரிபொருள் குடிக்கும் கப்பல், 18 நாட் வேகத்தில் சுமார் 73 டன் குடிக்கும். பயணம் கொஞ்சம் நீளும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், அதே தூரத்துக்கு சுமார் 19 சதவீதம் மிச்சம். வேகத்தில் 10 சதவீதம் விட்டுக்கொடுத்தால் எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு கையில் நிற்கிறது.

2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கன்டெய்னர் நிறுவனங்கள் கப்பல்களை மெதுவாக ஓட்ட ஆரம்பித்தது இதனால்தான். 2006-ல் வந்த 'எம்மா மெர்ஸ்க்' கப்பலின் 14 சிலிண்டர் இன்ஜின் சுமார் 80,000 கிலோவாட் பவர் கொண்டது. அதன் புரொப்பல்லர் மட்டும் சுமார் 130 டன். 25 நாட் வேகத்தை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட தலைமுறை அது. அடுத்து 2013-ல் வந்த 'டிரிபிள் இ' கப்பல்களை மெர்ஸ்க் நிறுவனம் குறைந்த வேகத்துக்கென்றே வடிவமைத்தது.

கியர் இல்லாத வண்டி

மலைப்பாதையில் ஏறும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். டிரைவர் டாப் கியரிலேயே ஏற்றப் பார்த்தால் என்ன ஆகும்? ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார், வண்டி வேகம் எடுக்காது. இன்ஜின் 'கட கட'வென்று அடிக்கும், பின்னால் கரும்புகை வரும். உடனே கியரைக் குறைப்பார். இன்ஜின் வேகமாகச் சுற்றும், பாரம் குறையும், வண்டி ஏறிவிடும்.

பெரிய சரக்குக் கப்பல்களில் இப்படிக் குறைக்க கியர் கிடையாது. டூ ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் நேராக இணைந்திருக்கும். இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் புரொப்பல்லரும் ஒரு சுற்று. பெரும்பாலான கப்பல்களில் புரொப்பல்லர் இறக்கைகளின் சாய்வையும் மாற்ற முடியாது. பின்னோக்கிப் போக வேண்டுமானால் இன்ஜினை நிறுத்தி எதிர்த்திசையில்தான் ஓட்ட வேண்டும்.

அதனால் கப்பல் கட்டும்போதே ஒரு கல்யாணம் நடக்கிறது: இந்த இன்ஜினுக்கு இந்த புரொப்பல்லர். அடுத்த 20, 25 வருடம் இரண்டும் சேர்ந்துதான் வாழ வேண்டும். ஜோடி சரியாக அமைந்தால் நிம்மதி. அமையாவிட்டால் ஒவ்வொரு பயணத்திலும் இன்ஜின் ரூமில்தான் சண்டை.

ஓவர்லோடு என்றால் என்ன?

இரண்டு வகை உண்டு. முதலாவது எல்லோருக்கும் புரிவது. இன்ஜினின் உச்சபட்ச பவரைத் தாண்டி ஓட்டுவது. பொதுவாக 110 சதவீதம் வரை, அதுவும் 12 மணி நேரத்தில் 1 மணி நேரம் மட்டும் என்பதே இன்ஜின் தயாரிப்பாளர்கள் போடும் எல்லை. அன்றாட ஓட்டத்தில் பெரும்பாலும் 85, 90 சதவீதத்துக்குள்தான் ஓட்டுவார்கள். இந்த வகை ஓவர்லோடு இப்போது அபூர்வம்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. அது பவரில் அல்ல, முறுக்குவிசையில் வரும் ஓவர்லோடு. கடல்காரர்கள் இதை 'ஹெவி ரன்னிங்' என்பார்கள்.

ஒரு உதாரணம். 80 ஆர்.பி.எம்-ல் 10,000 கிலோவாட் கொடுக்கும் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் புதுசாக இருக்கும்போது அப்படித்தான் ஓடுகிறது. இரண்டு வருடம் கழித்து அடிப்பாகம் முழுக்கப் பாசி. இப்போது அதே 10,000 கிலோவாட்டை புரொப்பல்லர் 76 ஆர்.பி.எம்-லேயே விழுங்கிவிடுகிறது. மீட்டரில் பவர் மாறவில்லை. ஆனால் சுற்று குறைந்து பவர் அப்படியே இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் தேவையான முறுக்குவிசை கூடிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கணக்கில் சுமார் 5 சதவீதம் அதிகம்.

பவர் அதே, பாரம் அதிகம். கிலோவாட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

இன்ஜினுக்குள் என்ன நடக்கும்?

டீசல் எரியக் காற்று வேண்டும். அந்தக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போசார்ஜர். சுற்று குறைந்தால் இன்ஜின் வழியாகப் போகும் காற்றும் குறையும். ஆனால் பாரம் கூடியதால் ஒவ்வொரு சுற்றுக்கும் எரிபொருள் அதிகம் போகிறது. காற்று குறைவு, எண்ணெய் அதிகம். விளைவு, அரைகுறையாக எரிதல்.

முதல் அறிகுறி புகைபோக்கியில் தெரியும் கரும்புகை. அடுத்து எக்ஸாஸ்ட் வெப்பநிலை ஏறும். டர்போசார்ஜர் 'சர்ஜ்' ஆகி, காற்று பின்னோக்கி அடித்து இருமுவது போலச் சத்தம் வரும். இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேயும், பேரிங்குகள் அடிவாங்கும். எரியாத எண்ணெயும் கரியும் பிஸ்டனுக்குக் கீழே உள்ள காற்றறையில் சேர்ந்து தீப்பிடிப்பதும் உண்டு.

இதைத் தடுக்க இன்றைய இன்ஜின்களில் காவலாளிகள் இருக்கிறார்கள். சுற்று குறைந்தால் கவர்னர் எரிபொருளைக் கூட்டப் பார்க்கும். ஆனால் முறுக்குவிசை எல்லையையும் காற்று அழுத்தத்தையும் கண்காணிக்கும் லிமிட்டர்கள் 'இதுக்கு மேல வேண்டாம்' என்று தடுத்துவிடும். இன்ஜின் பிழைக்கும், ஆனால் சுற்று குறையும், கப்பல் மெதுவாகும். நல்ல வானிலையில் இது வெறும் தாமதம். புயலில் இதற்கு வேறு அர்த்தம்.

புரொப்பல்லர் ஏன் 'கனமாகிறது'?

புரொப்பல்லரின் எடை கூடுவதில்லை. தண்ணீர் அதை நோக்கி வரும் விதம்தான் மாறுகிறது.

கப்பல் நன்றாக முன்னே போகும்போது தண்ணீர் வேகமாக புரொப்பல்லருக்குள் பாயும், இறக்கைகள் அதை லாகவமாக வெட்டும். கப்பலுக்கு எதிர்ப்பு கூடி முன்னேற்றம் குறையும்போது, அதே சுற்றில் இறக்கைகள் தண்ணீரை அதிகக் கோணத்தில் அடிக்க வேண்டியிருக்கும். அதைச் சுற்றவே அதிக முறுக்குவிசை தேவை. எதிர்க்காற்று, பெரிய அலை, ஆழம் குறைந்த கடல், பாசி படிந்த அடிப்பாகம், சொரசொரப்பான இறக்கை என எல்லாமே இந்த ஒரே இடத்தில்தான் வந்து முடியும்.

இதில் அமைதியாக வேலை செய்யும் வில்லன் பாசி. முதலில் வழுவழுப்பான படலம் வரும். பிறகு கொட்டலசு எனப்படும், சுண்ணாம்பு ஓடு கொண்ட சிற்றுயிர்கள் ஒட்டிக்கொள்ளும். சர்வதேச கடல்சார் அமைப்பின் 'குளோஃபவுலிங்' திட்ட ஆய்வு இதற்கு ஒரு கணக்கு சொன்னது. கப்பலின் அடிப்பரப்பில் பாதி வரை வெறும் 0.5 மில்லிமீட்டர் தடிமனில் படலம் படிந்தாலே, கப்பலின் வகையையும் வேகத்தையும் பொறுத்து வெளியேற்றம் 25 முதல் 30 சதவீதம் வரை கூடலாம். கொட்டலசு லேசாகப் படிந்தால், சராசரி நீளமுள்ள ஒரு கன்டெய்னர் கப்பலில் இது 55 சதவீதம் வரை போகலாம்.

அரை மில்லிமீட்டர் படலம், கால் பங்கு எரிபொருள். வேகத்தை 10 சதவீதம் குறைத்துச் சேர்த்த மிச்சம் முழுவதையும் பாசி ஒன்றே சாப்பிட்டுவிட முடியும்.

இது வடிவமைப்பாளர்களுக்குத் தெரியாததல்ல. கடலுக்காக 15 சதவீதம் கூடுதல் பவரை ஒதுக்குவது பழைய வழக்கம். புரொப்பல்லரையும் புதுசில் கொஞ்சம் 'லேசாக', அதாவது அதே பவருக்கு 4 முதல் 10 சதவீதம் வரை வேகமாகச் சுற்றும்படி வடிவமைக்கச் சொல்கிறார்கள் இன்ஜின் தயாரிப்பாளர்கள். நாளை பாசி படியும், புயல் வரும் என்று இன்றே விட்டுவைக்கும் இடம் அது. பாசி படியப் படிய அந்த இடம் தின்னப்படுகிறது.

கப்பலில் இருப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி 'ஸ்லிப்' கணக்கு. புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு 6 மீட்டர் முன்னேற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 80 ஆர்.பி.எம்-ல் ஒரு நாளில் சுமார் 373 கடல் மைல் போக வேண்டும். உண்மையில் 336 கடல் மைல்தான் போனது என்றால் ஸ்லிப் 10 சதவீதம். தினமும் மதியம் இந்த எண்ணை எழுதுவது வழக்கம். வானிலை நன்றாக இருந்தும் மாதாமாதம் ஸ்லிப் ஏறினால் கீழே பாசி என்று அர்த்தம்.

விதிகள் என்ன சொல்கின்றன?

2023 முதல் இரண்டு விதிகள் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது இ.இ.எக்ஸ்.ஐ. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் வடிவமைப்பு எவ்வளவு திறனானது என்று ஒருமுறை போடும் மதிப்பெண். பெரும்பாலான வகைக் கப்பல்களில் 400 டன்னேஜுக்கு மேற்பட்டவற்றுக்கு இது பொருந்தும். மதிப்பெண் போதாத பழைய கப்பல்களுக்குக் கிடைத்த மலிவான வழிதான் அந்தப் பூட்டு, அதாவது இன்ஜின் பவர் லிமிட்டேஷன், சுருக்கமாக இ.பி.எல். பழைய இன்ஜின்களில் எரிபொருள் கம்பியில் ஒரு தடுப்பு வைத்து சீல் வைப்பார்கள். எலெக்ட்ரானிக் இன்ஜின்களில் மென்பொருளில் எல்லை போட்டு பாஸ்வேர்டு வைப்பார்கள். புது இன்ஜின் வேண்டாம், புது புரொப்பல்லர் வேண்டாம். வேலை சில நாட்களில் முடிந்துவிடும்.

இரண்டாவது சி.ஐ.ஐ. இது வருடா வருடம் போடும் ரேங்க். 5,000 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு 'ஏ' முதல் 'இ' வரை கிரேடு. தொடர்ந்து மூன்று வருடம் 'டி' அல்லது ஒரு வருடம் 'இ' வாங்கினால் திருத்தத் திட்டம் கொடுக்க வேண்டும். பாஸ் மார்க் ஒவ்வொரு வருடமும் ஏறும். 2019 அளவோடு ஒப்பிட்டு 2023-ல் 5 சதவீதக் குறைப்பு, 2026-ல் 11 சதவீதம். 2030-ல் அது 21.5 சதவீதம் ஆகும்.

இ.பி.எல் போட்டதாலேயே இன்ஜின் ஓவர்லோடு ஆகிவிடாது. எரிபொருளுக்கு எல்லை போடுவதால் உச்ச பவர் குறையும், அவ்வளவுதான். அமைதியான கடலில் பல கப்பல்கள் ஏற்கெனவே அந்த எல்லைக்கு வெகு கீழே ஓடிக்கொண்டிருந்ததால் வித்தியாசமே தெரியாது. 'அப்படியென்றால் இதனால் கரியமில வாயு பெரிதாகக் குறையப் போவதில்லையே' என்ற விமர்சனமும் ஆரம்பத்திலேயே எழுந்தது.

பிரச்னை வேறு இடத்தில். இ.இ.எக்ஸ்.ஐ கணக்கு சுத்தமான அடிப்பாகம், அமைதியான கடல் என்ற கற்பனையில் போடப்படுகிறது. காகிதத்தில் பாஸான அந்தக் கப்பல் பாசியோடுதான் கடலில் போகிறது. மேலே பவருக்குப் பூட்டு, கீழே முறுக்குவிசைக்கு எல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் குறைந்துகொண்டே வருகிறது.

புயலில் பவர் தேவைப்பட்டால்?

ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் கரைக்குப் பக்கத்தில் புயலில் மாட்டிக்கொண்டால், அது எதிர்க்காற்றில் கொஞ்சமாவது முன்னேற வேண்டும். இல்லையென்றால் காற்று தள்ளிக்கொண்டு போய்ப் பாறையில் சேர்த்துவிடும்.

இதற்காகவே குறைந்தபட்ச உந்துசக்தி பற்றிய வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. 2021-ல் திருத்தப்பட்ட வடிவம் 250 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெரிய கப்பல்களுக்கு 6 மீட்டர் அலையை அளவுகோலாக வைக்கிறது. அந்த அலையிலும் 2 நாட் வேகத்திலாவது முன்னேற முடிய வேண்டும். மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு.

கப்பல் ஏறக்குறைய நின்றுகொண்டு புரொப்பல்லர் சுழலும்போதுதான் அது மிகவும் கனமாக இருக்கும். ஆர்.பி.எம் ஏறாது. ஆர்.பி.எம் ஏறாமல் பவரும் வராது. முறுக்குவிசை எல்லையில் நிற்கும் இன்ஜின் முக்கால் சுற்றில்தான் சுற்ற முடிகிறது என்றால், அதன் பவரில் முக்கால் பங்குகூட முழுசாகக் கிடைப்பது சந்தேகம். பெயர்ப் பலகையில் 10,000 கிலோவாட் என்று எழுதியிருப்பது அந்த நேரத்தில் உதவாது. அதனால்தான் இந்த வழிகாட்டுதல் இன்ஜினின் முறுக்குவிசை எல்லையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

இ.பி.எல் பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு. கப்பலின் பாதுகாப்புக்கோ கடலில் உயிர்களைக் காப்பாற்றவோ தேவைப்பட்டால், கேப்டன் பூட்டைத் திறந்து ஒதுக்கி வைத்த பவரைப் பயன்படுத்தலாம். அதைப் பதிவு செய்து, கப்பல் பதிவான நாட்டுக்கும் அடுத்த துறைமுகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஆனால் சாவி திறப்பது பவர் பூட்டை மட்டுமே. பாசி படிந்து கனமான புரொப்பல்லரின் முறுக்குவிசை எல்லையை எந்தச் சாவியும் திறக்காது. அவசரத்தில் கை கொடுக்க வேண்டிய அந்த ரிசர்வ் பவரில் ஒரு பகுதி, கப்பல் சுத்தமாக இருந்தால் மட்டுமே கிடைக்கும்.

செங்கடலும் நன்னம்பிக்கை முனையும்

2023 நவம்பர் 19 அன்று 'கேலக்ஸி லீடர்' கப்பலை ஹூதிகள் கைப்பற்றியதிலிருந்து செங்கடல் பாதை பதற்றமானது. பல நிறுவனங்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றின. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாம் போக சூயஸ் வழியாகச் சுமார் 8,500 கடல் மைல். நன்னம்பிக்கை முனை வழியாக கிட்டத்தட்ட 11,800.

தூரம் கூடினால், அட்டவணையைக் காப்பாற்ற வேகத்தைக் கூட்டுவார்கள். வேகம் கூடினால் மும்மடிக் கணக்கு வேலையைக் காட்டும். போதாததற்குத் தென்னாப்பிரிக்கக் கடற்கரையின் குளிர்காலம். 2024 ஜூலையில் 'சி.எம்.ஏ சி.ஜி.எம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின்' அங்கே 44 கன்டெய்னர்களைக் கடலில் இழந்தது. அடுத்த மாதமே 'சி.எம்.ஏ சி.ஜி.எம் பெலெம்' 99 கன்டெய்னர்களை இழந்தது. இவற்றுக்குக் காரணம் மோசமான கடல், இன்ஜின் அல்ல. ஆனால் மெதுவாக ஓட்டவென்று பவரைக் குறைத்த ஒரு உலகம், திடீரென்று எப்படிப்பட்ட கடலுக்குத் தன் கப்பல்களை அனுப்ப வேண்டிவந்தது என்பதை இவை காட்டுகின்றன.

சுத்தம் செய்தால் போச்சு... ஏன் செய்வதில்லை?

இங்கேதான் கடல் அறிவியல் முடிந்து காசு பிரச்னை ஆரம்பிக்கிறது.

உலகில் நிறையக் கப்பல்கள் 'டைம் சார்ட்டர்' முறையில் ஓடுகின்றன. கப்பல் ஒருவருடையது, வாடகைக்கு எடுப்பவர் இன்னொருவர். எரிபொருள் காசு வாடகைக்காரருடையது. கப்பலைப் பராமரிப்பது உரிமையாளர். பாசியால் வீணாகும் எண்ணெய்க்கு வாடகைக்காரர் காசு கொடுக்கிறார். பாசியைச் சுரண்ட உரிமையாளர் காசு கொடுக்க வேண்டும். வாடகை வீட்டில் ஒழுகும் குழாய் மாதிரிதான். தண்ணீர் பில் ஒருவருக்கு, பிளம்பர் செலவு இன்னொருவருக்கு.

சரி, பாசி யாரால் வந்தது? வாடகைக்காரர் சொன்ன துறைமுகத்துக்கு வெளியே, வெதுவெதுப்பான வெப்பமண்டலக் கடலில் வாரக்கணக்கில் நங்கூரம் போட்டு நின்றதால் வந்திருக்கலாம். 'அப்போ சுத்தம் பண்ற செலவு உங்களுடையது' என்பார் உரிமையாளர். 'ஒப்பந்தத்தில் சொன்ன வேகத்தில் உங்க கப்பல் போகலையே' என்று நஷ்டஈடு கேட்பார் வாடகைக்காரர். இந்தச் சண்டை அவ்வளவு சகஜம் என்பதால், கப்பல் உரிமையாளர் அமைப்பான பிம்கோ இதற்கென்றே தனி ஒப்பந்த வாசகம் வைத்திருக்கிறது.

இந்த இழுபறி கடைசியில் இறங்குவது இரண்டு பேர் தலையில். வழக்கமாக நடக்கும் உரையாடல் இப்படி இருக்கும்.

"சீஃப், இன்னும் ரெண்டு ஆர்.பி.எம் கூட்ட முடியுமா? லேட் ஆகுதுன்னு ஆஃபீஸ்ல இருந்து மெயில் வந்துட்டே இருக்கு."

"ஏற்கெனவே எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் ஏறி நிக்குது கேப்டன். லிமிட்டர் பிடிச்சிடுச்சு. கூட்டினா புகைதான் வரும், ஸ்பீடு வராது."

நினைத்த இடத்தில் சுத்தம் செய்யவும் முடியாது. சுரண்டும்போது வேற்றுக்கடல் உயிரினங்களும் பெயின்ட் நச்சும் தண்ணீரில் கலக்கும் என்பதால் பல துறைமுகங்கள் அனுமதிப்பதில்லை. மறுபக்கம் பாசியோடு வந்தாலும் விடுவதில்லை. 2022 டிசம்பரில் 'வைக்கிங் ஓரியன்' என்ற சொகுசுக் கப்பல் அடிப்பாகம் சுத்தமில்லை என்று நியூசிலாந்து துறைமுகங்களுக்குள் நுழைய முடியாமல், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருகே நடுக்கடலில் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

தீர்வுகள் என்னென்ன?

மலிவானது புரொப்பல்லரைப் பாலிஷ் செய்வது. டைவர்கள் இறங்கித் தண்ணீருக்குள்ளேயே முடித்துவிடலாம். கப்பலின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் புரொப்பல்லர் மிகச் சிறியது. ஆனால் அதன் சொரசொரப்பு நேரடியாக முறுக்குவிசையில் தெரியும் என்பதால், செலவுக்குக் கிடைக்கும் பலன் அதிகம்.

அடுத்தது புரொப்பல்லரையே மாற்றுவது. 24, 25 நாட்டுக்குச் செய்த புரொப்பல்லரை 16, 17 நாட்டில் சுற்றுவது வேறு ஒருவர் செருப்பைப் போட்டு நடப்பது போல. குறைந்த வேகத்துக்கான புதிய புரொப்பல்லரையும் புதிய முன்மூக்கையும் பல கன்டெய்னர் கப்பல்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். பொதுவாக விட்டம் பெரிதாக, சுற்று குறைவாக இருந்தால் திறன் கூடும். ஆனால் இன்ஜினோடு பொருத்தம் பார்க்காமல் மாற்றினால் ஹெவி ரன்னிங்கை நாமே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். புரொப்பல்லருக்கு முன்னால் நீரோட்டத்தைச் சீராக்கும் வளையம், அதன் மூடியில் பொருத்தும் சிறு துடுப்புகள் ஆகியவையும் சில சதவீதம் மிச்சம் தரும்.

இன்னொன்று அளவீடு. ஷாஃப்ட்டில் டார்க் மீட்டர் பொருத்தினால் பவரையும் முறுக்குவிசையையும் தனித்தனியாகப் பார்க்கலாம். பாசி எந்த மாதத்திலிருந்து எரிபொருளைத் தின்ன ஆரம்பித்தது என்பது வரைபடத்தில் தெரிந்துவிடும். உரிமையாளருக்கும் வாடகைக்காரருக்கும் நடக்கும் வாதத்திலும் ஆதாரம் கிடைக்கும்.

விதிகளும் மெல்ல நகர்கின்றன. பாசி மேலாண்மைக்கான வழிகாட்டுதல்கள் 2023-ல் புதுப்பிக்கப்பட்டன, ஆனால் அவை கட்டாயமல்ல. சட்டப்படி கட்டுப்படுத்தும் விதிகளை உருவாக்க 2025 ஏப்ரலில் சர்வதேச கடல்சார் அமைப்பு ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய யூனியன் 2024 முதல் கப்பல் புகைக்குக் காசு வசூலிக்கிறது. 2024 வெளியேற்றத்தில் 40 சதவீதத்துக்கு, 2025-க்கு 70, 2026 முதல் முழுவதற்கும். பாசிக்கும் இப்போது ஒரு விலை வந்துவிட்டது.

நமக்கு இதில் என்ன?

உலகுக்கு அதிக மாலுமிகளை அனுப்பும் நாடுகளில் இந்தியா ஒன்று. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் ஒரு ஜூனியர் இன்ஜினியர் நாளை ஏறப்போகும் கப்பலில் பவர் பூட்டு இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அந்தப் பூட்டை எப்போது, எப்படித் திறப்பது, பவர் மீட்டர் சொல்லாததை எக்ஸாஸ்ட் வெப்பநிலையும் ஸ்லிப்பும் எப்படிச் சொல்கின்றன என்பதெல்லாம் அவருக்குப் பாடப்புத்தகச் சமாச்சாரம் மட்டும் அல்ல. புயலில் அவரையும் அவரோடு இருக்கும் இருபது பேரையும் கரை சேர்க்கும் சமாச்சாரம்.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

ஓராண்டு தள்ளிப்போன நெட் ஜீரோ திட்டம் மறுபடி வாக்கெடுப்புக்கு வரும்போது அம்மோனியா, மெத்தனால், ஹைட்ரஜன் என்று புதிய எரிபொருள்கள்தான் பேசுபொருளாக இருக்கும். அவை தேவைதான். ஆனால் அந்த எரிபொருள்கள் டீசலைவிட விலை கூடியவை. எந்த எரிபொருளை ஊற்றினாலும் அது கடைசியில் போய்ச் சேருவது அதே ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் அதே புரொப்பல்லருக்குத்தான். அது பாசியோடு சுழன்றால், விலை கூடிய எரிபொருள் விலை கூடிய புகையாகும்.

எனவே நெட் ஜீரோ வாக்கெடுப்பைவிடக் குறைவாகப் பேசப்படும் அந்த இன்னொரு பேச்சுவார்த்தையைக் கவனியுங்கள். கப்பலின் அடிப்பாகத்தையும் புரொப்பல்லரையும் சுத்தமாக வைத்திருப்பதைக் கட்டாயமாக்கும் விதி எப்போது வரும், அதற்கான செலவு யார் கணக்கில் எழுதப்படும், சுத்தம் செய்ய எந்தத் துறைமுகங்கள் இடம் கொடுக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால், இன்றைக்கு ஓடும் கப்பல்களே இன்றைக்கு இருக்கும் எண்ணெயில் குறைவாகப் புகைவிடும். மோசமான கடலில் பூட்டைத் திறக்கும் கேப்டனுக்கு, அந்த ரிசர்வ் பவரும் உண்மையிலேயே கிடைக்கும்.